பயின்று பெற்ற தலைமை

நுழையும்முன்

தலைமைப் பண்பு சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது என்பர் ஒரு சாரார். முயன்று பயின்றால் எவரும் அதனைப் பெறலாம் என்பர் மற்றொரு சாரார். தொழில்துறையில் இவ்வினா இன்றும் எழுப்பப்படுகிறது. பெருந்தொழில் ஒன்றைத் தொடங்கி நடத்தியவர் எதில் வென்றார், எங்கே தவறினார், தவறிய பின் எவ்வாறு தம்மைத் திருத்திக்கொண்டார் என்று ஆராய்ந்தால் விடை தெளிவாகும். இந்தியத் தொழில்துறையின் தந்தை எனப் போற்றப்படும் ஜம்ஷெட்ஜி டாடாவின் வாழ்க்கை அவ்வாராய்ச்சிக்கு ஏற்றது.

குருமார் மரபில் ஒரு வணிகர்

குஜராத்தின் தென்பகுதியில் உள்ள நவ்சாரி, பார்சி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஊர். அங்கு 1839ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் ஜம்ஷெட்ஜி பிறந்தார். தந்தை நசர்வான்ஜி; தாய் ஜீவன்பாய். அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சமயச் சடங்குகளை நடத்திவைக்கும் குருமார்கள். வணிகமோ தொழிலோ அக்குடும்பத்தின் மரபன்று. அம்மரபிலிருந்து விலகி, மும்பைக்குச் சென்று வணிகம் செய்யத் துணிந்த முதல்வர் நசர்வான்ஜியே ஆவார்.

மகனையும் அவர் மும்பைக்கு அழைத்துக்கொண்டார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற ஜம்ஷெட்ஜி, 1858ஆம் ஆண்டு தம் படிப்பை நிறைவு செய்தார். நூல்களின்மீது அங்கு அவருக்கு ஏற்பட்ட பற்று இறுதிவரை நீங்கவில்லை. கல்லூரிக் கல்வியும் வணிகக் குடும்பத்தின் துணையும் அக்காலத்தில் மிகச் சிலருக்கே கிட்டிய வாய்ப்புகள். ஜம்ஷெட்ஜிக்கு அவை இரண்டும் கிட்டின. எனினும், வாய்ப்பு மட்டுமே ஒருவரைத் தலைவராக்கிவிடுவதில்லை என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் அவருக்கு உணர்த்தின.

இலண்டனில் ஒரு சோதனை

படிப்பு முடிந்த மறு ஆண்டே அவர் ஹாங்காங் சென்றார். தந்தையின் வணிக நிறுவனத்துக்கு அங்கு ஒரு கிளையை அமைப்பது அவர் பொறுப்பு. இந்தியாவிலிருந்து பருத்தியும், அக்காலத்தில் சட்டம் அனுமதித்திருந்த அபினியும் அங்குச் சென்றன. தேயிலையும் பட்டும் இங்கு வந்தன. தொலைவிலுள்ள சந்தையின் விலையை அறிவது, அயல்நாட்டாரோடு ஒப்பந்தம் செய்வது, சரக்கின் தரத்தை மதிப்பிடுவது ஆகியவற்றை அவர் அங்கு நேரடியாகப் பயின்றார்.

அந்நாளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1861ஆம் ஆண்டு தொடங்கிய அப்போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. அவ்வாலைகள் இந்தியப் பருத்தியை நாடின. மும்பையில் பணம் குவிந்தது. நிறுவனங்களும் வங்கிகளும் நாள்தோறும் முளைத்தன. அவற்றின் பங்குகள் விலையேறிக்கொண்டே சென்றன. அவ்வேளையில் ஜம்ஷெட்ஜி இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். பங்குப் பத்திரங்களை ஈடாகக் கொண்டு அங்கு வங்கித் தொழில் தொடங்குவது நோக்கம்.

1865ஆம் ஆண்டு போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் சந்தைக்கு வந்தது. மும்பையின் செல்வச் செழிப்பு ஒரே மூச்சில் சரிந்தது. ஜம்ஷெட்ஜியின் கையிலிருந்த பத்திரங்கள் வெற்றுத்தாள்களாயின. இருபத்தைந்து வயதைச் சற்றே கடந்த இளைஞர், அறிமுகமற்ற நாட்டில், கடன் கொடுத்தவர்கள் நடுவே நின்றார். அவர் ஓடி ஒளியவில்லை, கணக்கை மறைக்கவுமில்லை. உள்ள நிலையை உள்ளவாறே கடன் கொடுத்தவர்களிடம் எடுத்துரைத்தார். அவரது நேர்மையை நம்பிய அவர்கள், கணக்குகளைத் தீர்த்து முடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அதற்கென மாத ஊதியமும் வழங்கினர். மும்பையில் தந்தை தம் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

பிறரால் நம்பப்படும் தகுதியே தலைமைக்கு அடித்தளம். அத்தகுதி செல்வம் இருந்தபோது அன்று, செல்வம் அழிந்தபோதே ஜம்ஷெட்ஜியிடம் வெளிப்பட்டது.

இடமறிந்து தொடங்கிய ஆலை

1868ஆம் ஆண்டு அபிசீனியாவுக்குச் சென்ற ஆங்கிலப் படைக்குப் பொருள்கள் வழங்கும் ஒப்பந்தத்தில் நசர்வான்ஜி பங்கேற்றார். அதில் கிடைத்த ஆதாயத்தால் குடும்பம் மீண்டும் தலைநிமிர்ந்தது. போர் ஒன்றால் இழந்ததை மற்றொரு போரால் பெற்றதில் நற்பேற்றின் பங்கும் இருந்தது. அவ்வாண்டிலேயே, தம் இருபத்தொன்பதாம் வயதில், ஜம்ஷெட்ஜி 21,000 ரூபாய் முதலீட்டில் தமக்கெனத் தனி வணிக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

மறு ஆண்டு, மும்பையின் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதனைப் பருத்தி ஆலையாக மாற்றினார். அலெக்சாண்டிரா ஆலை எனப் பெயரிடப்பட்ட அதனை இரண்டாண்டுகள் நடத்தி, ஆதாயத்துக்கு விற்றார். ஆனால், அவ்வெற்றியோடு அவர் நிறைவடையவில்லை. நூற்புத் தொழிலில் தாம் அறியாதவை பல என்பதை உணர்ந்திருந்தார். ஆகவே, இங்கிலாந்தின் இலங்காஷயர் பகுதிக்குச் சென்று, உலகின் பருத்தித் தொழில் நடுவமாக விளங்கிய அவ்வூர்களின் ஆலைகளை நுணுகி ஆராய்ந்தார்.

திரும்பி வந்தபின் அவர் எடுத்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆலை என்றாலே மும்பை என்றிருந்த காலத்தில், அவர் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளையும் நிலம் அருகிலேயே இருந்தது. நிலக்கரி எட்டும் தொலைவில் கிடைத்தது. இருப்புப்பாதை மும்பையோடு இணைத்தது. நூலையும் துணியையும் வாங்கும் உள்நாட்டுச் சந்தையும் சுற்றிலும் இருந்தது. 1874ஆம் ஆண்டு 15 இலட்சம் ரூபாய் முதலீட்டில் நிறுவனம் உருவாயிற்று.

ஆலைக்கெனக் கிடைத்த நிலம் சதுப்பு நிலம். அதனை மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. அவ்வூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர், பொன்னை மண்ணுக்குள் கொட்டுபவருக்குப் பணம் தர இயலாது என மறுத்துவிட்டார். பின்னாளில் அவரே, ஜம்ஷெட்ஜி கொட்டியது மண்ணை என்றும் எடுத்தது பொன்னை என்றும் ஒப்புக்கொண்டார் என்பர். 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஆலை இயங்கத் தொடங்கியது. விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. எனவே, ஆலைக்கு எம்பிரஸ் எனப் பெயரிடப்பட்டது.

தவற்றைத் திருத்துதல்

தொடக்கத்தில் எம்பிரஸ் ஆலை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. விலை மலிவைக் கருதி வாங்கிய இயந்திரங்களே அதற்குக் காரணம். தாம் செய்த தேர்வு தவறானது என்பதை அறிந்ததும், ஜம்ஷெட்ஜி அதற்குச் சாக்குக் கூறவில்லை; அவற்றை அகற்றித் தரமான இயந்திரங்களை நிறுவினார். அக்காலத்தில் அறிமுகமாகியிருந்த வளையக் கதிர் நூற்பு முறையைச் சிறிய அளவில் இயக்கிப் பார்த்து, பயன் தெளிந்த பின்னரே ஆலை முழுவதற்கும் கொண்டுவந்தார். இந்தியாவில் அம்முறையைக் கையாண்ட முன்னோடி ஆலைகளுள் எம்பிரஸ் ஒன்றாயிற்று.

ஆளறிந்து அமர்த்தல்

ஆலையின் மேலாளராக அவர் தேர்ந்தெடுத்தவர் பெசோன்ஜி தாதாபாய் மேத்தா. இருப்புப்பாதை நிறுவனத்தில் பணியாற்றியவர். நூற்பைப் பற்றியோ நெசவைப் பற்றியோ ஏதும் அறியாதவர். ஆயினும், ஒழுங்குபடுத்தும் திறனும் உழைப்பும் நாணயமும் அவரிடம் இருந்தன. நூற்பு நுட்பம் அறிந்த ஆங்கிலேயர் ஒருவர் அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்டார். தொழிலறிவைப் பயிற்சியால் பெற்றுவிடலாம் என்னும் நம்பிக்கை இத்தேர்வில் அடங்கியிருந்தது. அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. பெசோன்ஜி நாட்டின் தலைசிறந்த ஆலை மேலாளர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்றொரு அதிகாரம் உண்டு. செயலுக்கு உரியவரை ஆராய்ந்து தெளிந்து, பின்னர் அச்செயலை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜம்ஷெட்ஜி அவ்வாறே செய்தார். உரியவரைக் கண்டபின், நாள்தோறும் அவர் வேலையில் குறுக்கிடாமல் பொறுப்பை முழுமையாக விட்டுவிட்டார். நாகபுரி ஆலை பெசோன்ஜியின் கையில் வளர, ஜம்ஷெட்ஜி அடுத்த பணிகளைப் பற்றிச் சிந்திக்க நேரம் கிடைத்தது.

தொழிலாளர் கற்பித்த பாடம்

நாகபுரியில் மற்றொரு சிக்கலும் எழுந்தது. தொழிலாளர் பலர் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. அவர்கள் உழவுத்தொழிலிலிருந்து வந்தவர்கள். மணியோசைக்குக் கட்டுப்பட்டு உழைப்பது அவர்களுக்குப் புதிது. விழா என்றாலும் உறவினர் வீட்டு நிகழ்ச்சி என்றாலும் விடுப்பு எடுப்பர். அக்கால ஆலை முதலாளிகள் இதற்குக் கண்ட தீர்வு தண்டமும் பணிநீக்கமுமே. ஜம்ஷெட்ஜி வேறு வழியைத் தேர்ந்தார். வேலையில் நிலைத்திருப்பது தொழிலாளருக்கே நன்மை தருவதாக இருந்தால், அவர்கள் தாமாகவே நிலைப்பர் என்பது அவர் கண்ட உண்மை.

ஆகவே, காற்றோட்டமும் ஈரப்பதமும் சீராக இருக்குமாறு ஆலைக்குள் கருவிகள் பொருத்தப்பட்டன. தீத்தடுப்புத் தெளிப்பான்கள் அமைக்கப்பட்டன. திறமைக்கும் ஒழுங்கான வருகைக்கும் பரிசுகள் வழங்கப்பட்டன. 1886ஆம் ஆண்டு ஓய்வூதிய நிதியும், 1895ஆம் ஆண்டு விபத்து இழப்பீடும் நடைமுறைக்கு வந்தன. இத்தகைய பாதுகாப்புகளை இந்தியச் சட்டம் வலியுறுத்தியது பல்லாண்டுகளுக்குப் பின்னரே. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டுதான் இயற்றப்பட்டது.

இருவேறு சோதனைகள்

வெற்றி தந்த துணிவு ஜம்ஷெட்ஜியை இடருக்கும் இட்டுச்சென்றது. 1886ஆம் ஆண்டு மும்பையை அடுத்த குர்லாவில் தரம்சி ஆலை என்னும் நலிந்த ஆலையை 12.5 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். அதற்குச் சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். விலை மலிவாகத் தோன்றியது. ஆனால், இயந்திரங்கள் பெரிதும் பழுதுபட்டிருந்தன. உற்பத்தி தடுமாறியது, பங்கின் விலை வீழ்ந்தது, கடன் கிடைப்பதும் அரிதாயிற்று. எம்பிரஸ் ஆலையில் தாம் முன்பு கற்ற பாடத்தை அவர் இங்கு இரண்டாம் முறை கற்க நேர்ந்தது. தம் எம்பிரஸ் பங்குகளில் ஒரு பகுதியை விற்று அப்பணத்தைச் சுதேசி ஆலையில் இட்டார். நாகபுரியில் பயின்ற பணியாளர்களை வரவழைத்தார். ஆண்டுகள் சில கழிந்தபின் ஆலை நிமிர்ந்தது. முதலாவது ஆலையில் உருவாக்கப்பட்ட மனிதர்கள் இரண்டாவது ஆலையைக் காத்தனர்.

மற்றொரு முயற்சி வெற்றி பெறவே இல்லை. இந்திய நூல் சீனாவுக்கும் சப்பானுக்கும் கப்பலில் சென்றது. அக்கடல்வழியைத் தம் பிடிக்குள் வைத்திருந்த அயல்நாட்டுக் கப்பல் நிறுவனங்கள் உயர்ந்த கட்டணம் பெற்றன. 1893ஆம் ஆண்டு ஜம்ஷெட்ஜி சப்பான் சென்று, அந்நாட்டுக் கப்பல் நிறுவனம் ஒன்றோடு உடன்பாடு செய்துகொண்டார். வாடகைக் கப்பல்களைக் கொண்டு டாடா கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. எதிர்த்தரப்பினர் உடனே தம் கட்டணத்தை மிகவும் தாழ்த்தினர். ஆதரவளிப்பதாகக் கூறிய இந்திய வணிகர் பலர் மலிவான கட்டணத்தை நாடி விலகினர். பெரும் இழப்போடு ஜம்ஷெட்ஜி அத்தொழிலைக் கைவிட்டார். நோக்கம் நல்லதாயினும், உடன் நிற்போரின் உறுதியும் நெடுநாள் தாங்கும் வலிமையும் இல்லையேல் தொழிற்போரில் வெல்ல இயலாது என்பதற்கு இம்முயற்சி சான்றாயிற்று.

தலைவர்களை உருவாக்கும் திட்டம்

தாம் கற்றுத் தேர்ந்தவர் ஆதலால், பிறரும் அவ்வாறே உருவாக முடியும் என ஜம்ஷெட்ஜி நம்பினார். 1892ஆம் ஆண்டு, அயல்நாடுகளில் உயர்கல்வி பயில விரும்பும் இந்திய மாணவர்களுக்குக் கடனாகப் பொருளுதவி வழங்கும் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். பெற்றவர் பொருளீட்டத் தொடங்கியபின் திருப்பித் தர வேண்டும். அத்தொகை அடுத்த மாணவருக்குச் செல்லும். தொடக்கத்தில் உதவி பெற்றவர்களுள் பெண் மருத்துவர்களும் இருந்தனர். பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் இவ்வுதவியால் இலண்டனில் பயின்றவரே.

இதனினும் பெரிய திட்டம் ஒன்றும் அவர் உள்ளத்தில் இருந்தது. அறிவியல் ஆய்வுக்கென உயர்கல்வி நிறுவனம் ஒன்றை நாட்டில் அமைக்க விரும்பினார். அதற்காக மும்பையிலிருந்த தம் கட்டடங்களையும் நிலங்களையும் பெருமளவில் ஒதுக்கினார். அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய். 1893ஆம் ஆண்டு சப்பானிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்ற கப்பலில் தம்மோடு பயணம் செய்த விவேகானந்தருக்கு, 1898ஆம் ஆண்டு இத்திட்டம் குறித்து மடல் எழுதினார். அரசின் ஒப்புதல் எளிதில் கிட்டவில்லை. இத்தனை உயர்ந்த கல்விக்கு மாணவர்கள் கிடைப்பார்களா, கற்றவர்களுக்கு வேலை கிடைக்குமா என்னும் ஐயங்கள் ஆட்சியாளரிடையே இருந்தன. ஜம்ஷெட்ஜி தம் முயற்சியைத் தளர்த்தவில்லை.

அறுபத்து மூன்றில் ஒரு மாணவர்

1882ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் ஒருவரின் அறிக்கை ஜம்ஷெட்ஜியின் பார்வைக்கு வந்தது. நாகபுரியை அடுத்த சாந்தா மாவட்டத்தில் இரும்புத்தாது மிகுதியாக உள்ளது என அது கூறியது. அவர் உடனே ஆலை கட்டவில்லை. அருகில் கிடைத்த நிலக்கரியைச் சோதனை செய்வித்தார்; அது தாதுவை உருக்க ஏற்றதன்று என்பது தெரிந்தது. சுரங்க உரிமை குறித்த விதிகளும் கடுமையாக இருந்தன. திட்டத்தைக் கைவிடாமல், அத்துறை குறித்த செய்திகளைத் தொடர்ந்து திரட்டிவந்தார். 1899ஆம் ஆண்டு விதிகள் தளர்த்தப்பட்டபோது, அவரிடம் பதினேழு ஆண்டுக் காத்திருப்பின் பயனாகத் தெளிவான அறிவு இருந்தது.

1902ஆம் ஆண்டு, தம் அறுபத்து மூன்றாம் வயதில், அவர் அமெரிக்கா சென்றார். உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் எஃகு ஆலைகளை நேரில் கண்டார். பிட்சுபர்க்கு நகரில் பொறியாளர் சூலியன் கென்னடியைச் சந்தித்தார். முறையான ஆய்வுக்கே பெரும்பொருள் செலவாகும் என அவர் எச்சரித்தபோதும் ஜம்ஷெட்ஜி பின்வாங்கவில்லை. அவர் காட்டிய வழியில், நியூயார்க்கில் சார்லசு பேச்சு பெரின் என்னும் வல்லுநரைக் கண்டு, இந்தியாவுக்கு வருமாறு அழைத்தார். ஆலைகள் பலவற்றின் உரிமையாளராகிய முதியவர், தாம் அறியாததைக் கேட்டறிய உலகின் மறுபக்கத்துக்குச் சென்றார். ஆலைக்கு இடம் முடிவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அங்கு அமையவிருக்கும் நகரில் அகன்ற தெருக்களும் நிழல்தரும் மரங்களும் விளையாட்டுத் திடல்களும் எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்களும் வேண்டும் என மகன் தொராப்ஜிக்கு எழுதினார். நாகபுரியில் தொழிலாளரிடம் கற்ற பாடம் அம்மடலில் விரிந்து நிற்பதைக் காணலாம்.

அவருக்குப் பின்

1903ஆம் ஆண்டு மும்பையில் தாசுமகால் விடுதி திறக்கப்பட்டது. அவருடைய பெருங்கனவுகளுள் அவர் வாழ்நாளில் கண்ணெதிரே நிறைவேறியது அது. 1904ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், செருமனியின் பாட் நாகைம் நகரில் ஜம்ஷெட்ஜி மறைந்தார். எஃகு ஆலைக்கு அப்போது இடமும் முடிவாகவில்லை. அறிவியல் நிறுவனத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்படவில்லை. மலைநீரிலிருந்து மும்பைக்கு மின்சாரம் எடுக்கும் திட்டமும் தாளளவில் இருந்தது.

தலைவர் மறைந்ததும் பணியும் மறைந்திருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. மகன்கள் தொராப்ஜியும் இரத்தன்ஜியும், உறவினர் ஆர். டி. டாடாவும், உற்ற துணைவர் பர்சோர்ஜி பாதுசாவும் பணியைத் தொடர்ந்தனர். நிலவியல் அறிஞர் பிரமதநாத் போசு எழுதிய மடல், மயூர்பஞ்சு பகுதியின் தாதுவளத்தைக் காட்டியது. 1907ஆம் ஆண்டு எஃகு நிறுவனம் தொடங்கப்பட்டபோது, மூலதனத்தை இந்திய மக்களே சில வாரங்களில் அளித்தனர். இலண்டனில் ஒருகாலத்தில் உண்மை பேசிய பெயரின்மீது நாடு வைத்த நம்பிக்கை அது. 1909ஆம் ஆண்டு பெங்களூருவில் இந்திய அறிவியல் நிறுவனம் நிறுவப்பட்டது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1912ஆம் ஆண்டு சாக்சியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு மின்சாரம் மும்பையை அடைந்தது. 1919ஆம் ஆண்டு சாக்சி, அவர் பெயரால் ஜம்ஷெட்பூர் ஆயிற்று.

ஜம்ஷெட்ஜியிடம் பிறவியிலேயே அமைந்த இயல்புகள் இல்லாமலில்லை. அறியும் வேட்கையும் அஞ்சாமையும் அவரிடம் இளமையிலேயே இருந்தன. எனினும், இடத்தைத் தேர்வதை இலங்காஷயர்ப் பயணத்துக்குப் பின்னரும், இயந்திரத்தைத் தேர்வதை இழப்புக்குப் பின்னரும், தொழிலாளரை நடத்துவதை வெற்றிருக்கைகளைக் கண்ட பின்னருமே அவர் கற்றார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், பிறருக்குப் பொறுப்பாகவும் கல்வியாகவும் வழங்கினார். அதனால்தான் அவர் காணாத ஆலையின் உலை எரிந்தது; அவர் காணாத வகுப்பறையில் மாணவர்கள் வந்தமர்ந்தனர்.

கற்பவை கற்றபின்

1. ஜம்ஷெட்ஜி டாடாவிடம் இயல்பாக அமைந்த பண்புகளையும் பட்டறிவால் பெற்ற பண்புகளையும் தனித்தனியே பட்டியலிட்டு, எவை மிகுதி என வகுப்பில் உரையாடுக.

2. உங்கள் ஊரில் கடை, பட்டறை, பண்ணை ஆகியவற்றுள் ஒன்றைப் பல்லாண்டுகளாக நடத்திவரும் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலில் கற்ற பாடங்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.